பாதிக் காதும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

மால்டா, படை முகாம்
3 மார்ச் 1867

அன்புள்ள கெசியாவுக்கு,

இதை அடுப்பில் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படித்துவிடு. மூன்று வருஷம் நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். 

அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் பாதிரியார் வீட்டுச் சமையல்காரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதனால் முக்கால்வாசிக் கடிதம் பாதிரியாருக்கு ஒத்துக்கொள்ளாத பதார்த்தங்களைப் பற்றியது. கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. வருகிற ஜூன் மாதம் பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை உனக்கும் மளிகைக்கடை ஜோசையா சௌட்டருக்கும் கல்யாணமாம். நான் அந்த வரியை நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்துகொண்டு படித்தேன், இரண்டு விதத்திலும் அப்படியேதான் இருந்தது.

சௌட்டரா, கெசியா? பீர் பீப்பாய் வண்டி போனாலே தெருவின் மறுபக்கத்துக்குப் போகிற அந்த மனுஷனா? சிரிப்பு வந்தால் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொள்கிறவரா?

நேரில் வந்து பேசினால் நீ மனசு மாறுவாய் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான், இன்னும் ஆறரை வருஷம் பாக்கி. லீவு கேட்டேன். சார்ஜன்ட் சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பி விழுந்துவிட்டது.

ஆனால் கார்ப்பரல் ஹாஸ்கின் ஒரு வழி சொன்னான். "ஊர்ல யாரும் பிடிபடாத கொலை ஏதாவது இருக்கா? அதை நான்தான் பண்ணேன்னு சொல்லிடு. சர்க்காரே கப்பல் ஏத்தி அனுப்பும். அங்க போனதும் இவன் இல்லன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க. ஜிப்ரால்டர்ல ஒருத்தன் இப்படிப் போய் அவங்க அக்கா கல்யாணத்துல டான்ஸே ஆடிட்டு வந்தான்."

நம் மார்ஷ்விக்கில்தான் நிலக்கரிக்கடை எஸ்ரா பின்ஃபோல்ட் இருக்கிறாரே, மன்னிக்கவும், இருந்தாரே. கொன்றவன் இன்னும் அகப்படவில்லை என்று அம்மா முன்பே எழுதியிருக்கிறாள். தயவுசெய்து அந்தக் கொலையைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுது. நான் வந்து சேரும்வரை சௌட்டரிடம் எதற்கும் தலையாட்டிவிடாதே.

உன் ஜேபஸ் டக்வெல்

*

மார்ஷ்விக், காஸ்லிங் சலவையகம்
16 மார்ச் 1867

ஜேபஸ் டக்வெல்லுக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை. கவனித்திருப்பாய்.

1863 நவம்பர் 4, புதன்கிழமை. மாலை ஆறு மணிக்குச் சந்தைக் குழாயடியில் நிற்கச் சொன்னாய். வந்து என் அப்பாவிடம் பெண் கேட்கப் போவதாகச் சொன்னாய். நான் சலவைக்கு வந்த ஒரு வக்கீல் மனைவியின் தொப்பியைத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிவரை நின்றேன். வீட்டில் அப்பா பூட்ஸைக் கழற்றாமல் காத்துக்கொண்டிருந்தார். நீ வரவில்லை. நான்கு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. "அன்று அம்மாவுக்கு உயிர் போகிற நிலைமை, பக்கத்திலேயே இருந்தேன், இப்போது பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன்" என்று மூன்று வரி.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சந்தைக்குப் போனேன். உன் அம்மா ஒரு விலாங்கு மீனை வாலைப் பிடித்துச் சுழற்றி மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்னடி, குதிரை மாதிரி இருக்கேன், ஏன் கேக்கிற?" என்றாள்.

ஆகவே ஜேபஸ், அவள் எந்த ஊர்ப் பெண்? மூன்று வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி இது ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் பின்ஃபோல்ட் செத்தார். அதனால் ஊர் முழுக்க அவரைப் பற்றியே பேசியது. ஏமாற்றப்பட்டவளுக்கு ஒரு நாள் அனுதாபம்கூட மிச்சம் வைக்காமல் அந்த மனுஷர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் கிறுக்குத் திட்டத்துக்காக எழுதவில்லை, ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன். கடைக்குள் நிலக்கரிக் குவியலின்மேல் மண்டை உடைந்து கிடந்தார். எதனால் அடித்தார்கள் என்று தெரியவில்லை, ஆயுதம் கிடைக்கவேயில்லை. அடர்ந்த மீசை தாடிக்காரன் ஒருவன் ஓடினான் என்று யாரோ சொல்ல, மறுநாள் காலைக்குள் மார்ஷ்விக்கின் எல்லா ஆண்களும் மழுங்கச் சிரைத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு முகவாயே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு நிச்சயதார்த்தம் அதனாலேயே முறிந்தது.

பின்ஃபோல்டின் மருமகன் கடையை வேடிக்கை காட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை உல்லாச ரயிலில் கூட்டம் வருகிறது. "மாமா விழுந்த நிலக்கரி" என்று ஆளுக்கு ஒரு கட்டி கொடுக்கிறான். அந்தக் குவியல் மூன்று வருஷமாகக் குறையவில்லை. பேக்கரியில் மண்டை உடைந்த இஞ்சி பிஸ்கட் மனிதன் செய்கிறார்கள். துரோகி கை ஃபாக்ஸின் பொம்மையை எரிக்கிற நவம்பர் ஐந்தாம் தேதி, அவனுக்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரு சந்தேக ஆளைப் பொம்மை செய்து எரிக்கிறார்கள். முதல் வருஷம் டாக்டர், அடுத்தது தபால்காரர், போன வருஷம் எரிந்தது அச்சு அசலாக என் சித்தப்பா.

கொலைகாரன் அகப்படாத ஊரில் பெண்கள் தனியாக நடக்கக் கூடாது என்று மிஸ்டர் சௌட்டர் ஒரு லாந்தரை எடுத்துக்கொண்டு தினமும் எங்களைச் சலவையகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவிட ஆரம்பித்தார். இரண்டு கஜம் தள்ளி நடப்பார். சொன்ன நேரத்துக்கு வருவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. புரிகிறதா உனக்கு?

பால்வண்டிக் குதிரை கடித்த உன் பாதிக் காதில் இது ஏறினால் சரி.

கெசியா ரட்

*

மால்டா
9 ஏப்ரல் 1867

அன்புள்ள கெசியாவுக்கு,

நான் கொலைகாரன் ஆகிவிட்டேன். நாளை மறுநாள் கப்பல்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். பெண் யாரும் இல்லை, சத்தியமாக இல்லை. அம்மா விஷயத்தை நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுத முடியாத அளவுக்கு அது, எப்படிச் சொல்வது, நேரில் சொல்கிறேன்.

கேப்டன் லாட்டிமர் முன்னால் போய் நின்று, "எஸ்ரா பின்ஃபோல்டைக் கொன்னது நான்தான் சார், மனசு உறுத்துது" என்றேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார். அவர் எப்போதும் கழுத்தைச் சொறிந்துகொண்டுதான் இருப்பார். இங்கே துவைத்துக் கொடுக்கும் சார்ஜன்ட் மனைவி காலருக்குக் கஞ்சி போட்டால் அது பலகையாகிவிடும். ரெஜிமென்ட்டில் கழுத்தைத் திருப்பக்கூடிய அதிகாரி ஒருவர்கூடக் கிடையாது.

"எதால அடிச்ச?"

கெசியா, அதை நான் யோசித்து வைக்கவேயில்லை. கண்ணை மூடினேன். நீ ஜன்னலோரம் நின்று தேய்க்கிறதுதான் தெரிந்தது.

"இஸ்திரிப் பெட்டியால சார்."

"சிப்பாய்கிட்ட இஸ்திரிப் பெட்டி ஏதுடா?"

"அப்ப நான் சிப்பாய் இல்ல சார், வெறும் கொலைகாரன்தான்."

"அதை என்ன பண்ண?"

நாம் சாயங்காலம் நடக்கிற இடம் ஞாபகம் வந்தது. "ஆலைக் குளத்துல போட்டுட்டேன் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். ஆனால் விஷயம் கசிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தால் பின்ஃபோல்டைக் கொன்றவர்கள் இன்னும் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஒருத்தன் விஷம் வைத்தானாம். "மண்டை உடைஞ்சு செத்தவருக்கு விஷம் எதுக்குடா?" என்றதற்கு, "ஒரு உறுதிக்கு சார்" என்றான். இரண்டாமவனிடம் மார்ஷ்விக்கில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். "எல்லாப் பக்கமும் சார்" என்று சொல்லிவிட்டான். மூன்றாவது ஆள் அழுதுகொண்டே, "யாரைக் கொன்னேன்னு மட்டும் சொல்லிடுங்க சார், மிச்சத்தை நான் சொல்லிடறேன்" என்றான். மூன்று பேரும் தண்டனையாக வெயிலில் மூட்டையோடு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மார்ஷ்விக் போலீசுக்குத் தந்தி போனது. அனுப்பி வை என்று பதில் வந்துவிட்டது. அங்கே வந்ததும், அன்று ராத்திரி அம்மா படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தேன் என்று சொல்வேன். அம்மா ஆமாம் என்பாள். பெற்ற பிள்ளைக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல மாட்டாளா? அதோடு வெளியே வந்துவிடுவேன்.

குழாயடியில் நில் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் நிற்கிறேன்.

உன் ஜேபஸ்

*

மார்ஷ்விக்
6 மே 1867

மாவட்டச் சிறையில் இருக்கும் ஜேபஸ் டக்வெல்லுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கு வணக்கம். இவன் பேச்சை நம்ப வேண்டாம், ஆனால் அடிக்கவும் வேண்டாம்.

ஜேபஸ், உட்கார்ந்துகொண்டு படி.

தந்தி வந்த மறுநாளே குளத்தில் வலை போட்டார்கள். கடைகளுக்கு அரைநாள் விடுமுறை. ஊரே கூடையில் பன்றிக்கறி அடைத்த ரொட்டி எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தது. முதலில் ஏழு கெண்டிகள் வந்தன. பிறகு மரத்தால் செய்த பொய்க்கால் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் கிழவர் ஒருவர் எழுந்து கைதட்டினார், பதினெட்டு வருஷமாகத் தேடுகிறாராம். அப்புறம் தேவாலயத்து மணியின் நாக்கு. கடைசியாக ஓர் இஸ்திரிப் பெட்டி.

அதன் அடியில் எங்கள் சலவையகத்தின் எழுத்து இருக்கிறது.

கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக அடுத்த வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. "டக்வெல் பையன் கண்ணைப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உனக்குப் பாடம் சொன்ன வாத்தியார், நீ ஐந்து வயதிலேயே கொலைகாரன்போலத்தான் பேனாவைப் பிடிப்பாய் என்கிறார். பின்ஃபோல்டின் மருமகன் மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். கொலைகாரன் கிடைத்துவிட்டால் ரயில் நின்றுவிடுமாம். பேக்கரிக்காரர் அவனைத் தேற்றுகிறார், தூக்குப் போடுகிற அன்று நான்கு ரயில் வரும் என்று.

நீ வந்து சேர்வதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் உன் அம்மாவைப் பார்த்துவிட்டார். "அன்னைக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். தன்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "தேவாலயத்து டீ விருந்துல இருந்தேன், மூணு தட்டு ஹாம் சாப்பிட்டேன், நாற்பது பேர் சாட்சி. என் மவன் அந்தப் பக்கமே வரல" என்று பைபிளில் கை வைத்துச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, தனக்கு ஒரு கண்டம் தப்பியது என்று சந்தோஷமாக இருக்கிறாள்.

உன் கழுத்துக்குக் கயிறு வருகிறது ஜேபஸ். விளையாட்டில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை நான் உனக்குச் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அன்று எங்கே இருந்தாய்? பெண் வீடானாலும் பரவாயில்லை. அவள் பெயரைச் சொல், நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அந்த இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எனக்கும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை.

கெசியா

*

மாவட்டச் சிறை
10 மே 1867

கெசியா,

இதைக் காவலர் டிப்பெட் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். நல்ல மனிதர். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணை விட்டுட்டாடா பட்டாளத்துக்குப் போன?" என்று கேட்டார்.

குளத்தில் இஸ்திரிப் பெட்டி எப்படி வந்தது? நான் அதை என் மண்டையிலிருந்து எடுத்துச் சொன்னேன். மண்டையில் இருந்தது குளத்தில் இருக்கிறது என்றால் நான்தான் கொன்றேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

நான் இங்கே பெரிய ஆள். எனக்காக அழுகிற சீமாட்டிகள் ஃபிளானல் துணியும் ஞான நூல்களும் அனுப்புகிறார்கள். மூன்று பேர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார், தூக்குக்கு முந்தின நாள் என்றால் இன்னும் நல்லதாம். மெழுகுப் பொம்மைக் காட்சிக்காரர் வந்து முகத்தை அளந்தார், காது பாதிதான் என்பதால் மெழுகு மிச்சம் என்றார். மண்டையைத் தடவிக் குணம் சொல்கிறவர் ஒருவர் வந்து, கொலை வெறி இடது பக்கம் கோழி முட்டை அளவுக்குப் புடைத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். கப்பலில் உத்தரத்தில் இடித்துக்கொண்டது அது.

கெசியா, இனிமேல் மறைத்துப் பயனில்லை. டிப்பெட் ஐயா, நீங்கள் சிரித்தாலும் சரி.

அன்று மத்தியானம் ஸ்டோபரிக்குப் போனேன், உனக்கு மோதிரம் வாங்க. வாங்கினேன். மோதிரத்தைக் கையில் பிடித்ததும் உன் அப்பா முகம் ஞாபகம் வந்தது. தைரியத்துக்கு ஒரு கோப்பை ஆப்பிள் சைடர் குடித்தேன். அது உன் அப்பாவுக்குப் போதாது என்று தோன்றியது, இன்னொன்று குடித்தேன். அப்படியே ஆறு கோப்பை தைரியம் சேர்ந்தது. வெளியே புல்வெளியில் ஒரு வாத்து நின்றது. அது என்னைப் பார்த்த பார்வை உன் அப்பா பார்வைதான். சரி, ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று அதன் முன்னால் முட்டி போட்டு, "மிஸ்டர் ரட், உங்க பொண்ணை எனக்குக் குடுங்க" என்றேன். அது கடித்தது. "குடுக்கலன்னா விடமாட்டேன்" என்று அதைத் தேவாலயத்துக்குள் துரத்திக்கொண்டு போனேன். உள்ளே ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்கு உன் குழாயடியில் நிற்க வேண்டியவன் ஸ்டோபரி லாக்கப்பில் கிடந்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்து உன் முகத்தில் எப்படி விழிப்பது? வழியில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற சார்ஜன்ட் நின்றார். அவருடன் போய்விட்டேன்.

அப்படியானால் லாக்கப்பில் பதிவு இருக்குமே என்று கேட்பாய். இருக்கிறது, என் பெயரில் இல்லை. பெயர் என்ன என்று கான்ஸ்டபிள் கேட்டபோது, இந்த மாவட்டத்திலேயே குடிக்காத ஆள் யார் என்று யோசித்து அந்தப் பெயரைச் சொன்னேன்.

ஜோசையா சௌட்டர், மளிகைக்கடை, மார்ஷ்விக்.

மன்னித்துவிடு.

ஜேபஸ்

*

மார்ஷ்விக்
17 மே 1867

ஜேபஸுக்கு,

டிப்பெட் ஐயா, இதைச் சீக்கிரம் படித்துவிட்டு அவனிடம் கொடுங்கள்.

ஸ்டோபரிக்குப் பன்னிரண்டு மைல் நடந்து போனேன். கான்ஸ்டபிள் கிரிம்ஸ்டன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். "1863 நவம்பர் நாலாம் தேதி" என்று நான் ஆரம்பித்ததுமே, "வாத்துக்காரனா?" என்றார். மூன்று வருஷமாக அந்தக் கதையைச் சொல்லித்தான் அவருக்குச் சாயங்காலம் போகிறதாம்.

பதிவேட்டைக் காட்டினார். "ஜோசையா சௌட்டர், மளிகைக்கடைக்காரர். மாலை நான்கு மணி முதல் குடிபோதை. வாத்து ஒன்றிடம் பெண் கேட்டு முரட்டுத்தனமாக நடந்தது. அடையாளம்: இடது காதில் மேல்பாதி இல்லை." அந்த வரியை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன் ஜேபஸ். உன் பாதிக் காதை இதற்குமுன் நான் இவ்வளவு மெச்சியதில்லை.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். "கைதியோட சாமான். வாங்கிக்கிட்டுப் போகவே இல்ல. கையெழுத்துப் போடணும்னதும் ஓடிட்டான்." உள்ளே மோதிரம் இருந்தது. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருஷமாக ஒரு பெண்ணுக்கு முகம், மூக்கு, சுருட்டை முடி எல்லாம் நானே செய்து வைத்து வெறுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு வாத்து.

திரும்பி வந்து மிஸ்டர் சௌட்டரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கோர்ட்ல அதை வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க. அது அவன்தான்னு காதை வச்சு நிரூபிப்பாங்க."

"யாருக்குக் காது ஞாபகம் இருக்கும், கெசியா? சௌட்டர், சைடர், வாத்து. இது மூணும்தான் ஞாபகம் இருக்கும். நான் மதுவிலக்குச் சங்கத்துத் தலைவர்."

"அப்ப அவன் தூக்குல தொங்கட்டுமா?"

அவர் லாந்தரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "அவன்தானே ஒத்துக்கிட்டான்" என்றார். "தானா வந்து ஒத்துக்கிட்ட விஷயத்துல நாம ஏன் தலையிடணும்?"

கல்யாணம் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். லாந்தர் வேண்டாம், நானே நடந்து போய்க்கொள்கிறேன் என்றும் சொன்னேன். தெருவில் ஒரு கொலைகாரன் இருந்தாலும் இருக்கட்டும் என்று தோன்றியது.

இனி என் விஷயம். அந்த இஸ்திரிப் பெட்டியைக் குளத்தில் போட்டது நான். அன்றைக்கு ஒன்பது மணிக்குக் குழாயடியிலிருந்து நேராகச் சலவையகத்துக்கு வந்தேன். எதையாவது எறிய வேண்டும்போல் இருந்தது. கைக்கு அதுதான் கிடைத்தது. உன் மண்டையைத்தான் குறி வைத்தேன். நீ இல்லாததால் நாம் நடக்கிற குளத்தில் எறிந்தேன். மறுநாள் பெட்டியைக் காணோம் என்று முதலாளி காஸ்லிங் அம்மா தேட, கொலைகாரன் எடுத்துப் போயிருப்பான் என்று நான்தான் சொன்னேன். எனக்கென்ன தெரியும், அது இப்படித் திரும்பி வரும் என்று?

இருபத்திரண்டாம் தேதி விசாரணையில் நாற்பது வாடிக்கைக்காரிகள் முன்னால் இதை நான் சொல்ல வேண்டும். சொல்வேன். நீ வாத்தைப் பற்றிச் சொல்.

கெசியா

*

போர்ட்ஸ்மத்
1 ஜூன் 1867

அன்புள்ள கெசியாவுக்கு,

ஒரே அறையில் நின்றோம், ஒரு வார்த்தை பேச விடவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீ சாட்சிக் கூண்டில் ஏறி, "அவன் வரல, அதனால எறிஞ்சேன்" என்று சொன்னபோது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "சரியாத்தான் பண்ணே" என்று கத்தினார்களே, அது உன் அம்மாவா என் அம்மாவா? எனக்கு என் அம்மா குரல் மாதிரி இருந்தது. கிரிம்ஸ்டன் பதிவேட்டை வாசித்தபோது நீதிபதி விக்கைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் தொப்பியை எடுக்கச் சொல்லிக் காதைப் பார்த்தார். "எஸ்ரா பின்ஃபோல்டைக் கொன்றது நீ இல்லை என்று இந்தக் காது சொல்கிறது" என்றார். கூட்டம் ஏமாற்றத்தில் முனகியது. வெளியே போகும்போது ஒருத்தி என்னிடமே, "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படியா?" என்று குறைப்பட்டாள்.

ஆனால் கார்ப்பரல் ஹாஸ்கின் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. விட்டுவிடுவார்கள் என்றால், பட்டாளத்திடம் விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமாம். பதினைந்தாம் தேதி கப்பல். மால்டாவில் பொய் சொன்னதற்கு இருபத்தெட்டு நாள் மூட்டை நடை, அதற்கப்புறம் ஆறு வருஷம்.

உன்னைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மணி நேரம் காக்க வைத்ததே பத்து ஜென்மத்துக்குப் போதும். நீ வாழ்க்கையில் ஒரு நல்ல மனிதரைப் பார்த்துக்கொள். லாந்தர் இல்லாத ஆளாகப் பார். மோதிரத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அது உனக்காக வாங்கியது என்று நீ தெரிந்துகொண்டதே போதும். அதற்காக நான் இன்னொரு முறைகூடத் தூக்குமேடை வரை போவேன்.

ஜேபஸ்

*

மார்ஷ்விக்
8 ஜூன் 1867

அன்புள்ள ஜேபஸுக்கு,

ஆமாம், "அன்புள்ள" என்று போட்டிருக்கிறேன். திரும்பத் திரும்பப் படித்து வீணாக்காதே.

கத்தியது உன் அம்மாதான். இப்போது தினமும் சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத் திட்டுகிறாள். இருவருக்கும் பொழுது போகிறது.

ஊர் பழையபடி ஆகிவிட்டது. பின்ஃபோல்டின் மருமகன் உன் விடுதலைக்காகத் தேவாலயத்தில் நன்றி ஜெபம் செய்தான். கொன்றவன் யார் என்று தெரியாதவரை ரயில் வரும். எல்லோரும் மறுபடியும் அடுத்த வீட்டைப் பார்த்துக் கதவைத் தாழிட ஆரம்பித்துவிட்டார்கள், முகத்தில் ஒரு நிம்மதி. மிஸ்டர் சௌட்டர் சொன்னது பலித்துவிட்டது. காது யாருக்கும் ஞாபகமில்லை. அவர் கடைவாசலில் பிள்ளைகள் வாத்து மாதிரி கத்துகிறார்கள். பாவம், அந்த மனுஷர் வாழ்நாளில் குடிக்காத சைடருக்குப் பேர் வாங்கிவிட்டார். அவரைப் பற்றி நான் சிரிப்பதில்லை. நீயும் சிரிக்காதே, உன்னால் வந்தது.

இப்போது கவனமாகப் படி. விசாரணைக்கு மறுநாளே நான் உன் கேப்டன் லாட்டிமருக்கு ஒரு கடிதம் எழுதினேன். படையோடு இருக்க அனுமதி பெற்ற சிப்பாய் மனைவிகள்தான் துணி துவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் படைப்பிரிவில் ஓர் இடம் காலியா என்று கேட்டேன். கடிதத்தோடு நான் கஞ்சி போட்டுத் தேய்த்த காலர் ஒன்றை வைத்து அனுப்பினேன்.

நேற்று தந்தியில் பதில் வந்தது. இரண்டே வரி. "காலரை நானே வைத்துக்கொண்டேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். டக்வெல்லை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், அனுமதி தந்தாயிற்று. அவனுடைய மூட்டை நடை மட்டும் முடியட்டும்."

அப்பாவிடம் சொன்னேன். "அவன் கேட்கவே இல்லையே" என்றார். "கேட்டான், அப்போது நீங்கள் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தீர்கள்" என்றேன். அவருக்குப் புரிய சற்று நேரம் ஆனது. பிறகு பூட்ஸைக் கழற்றினார்.

ஆகஸ்ட் கப்பலில் வருகிறேன். அந்த இஸ்திரிப் பெட்டியைக் கடையில் வைக்கப் பின்ஃபோல்டின் மருமகன் கெஞ்சிக் கேட்டான். காஸ்லிங் அம்மா தரவில்லை, கல்யாணப் பரிசாக எனக்கே கொடுத்துவிட்டாள். துருவைத் தேய்த்துவிட்டேன், நன்றாகச் சூடேறுகிறது.

கப்பல் மாலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் சேருமாம். ஆறு மணிக்கு நீ அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும். வாத்து எதுவும் கண்ணில் பட்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வா. ஆறு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் நான் நிற்க மாட்டேன். மோதிரம் என் விரலில் இருக்கும், பெட்டி என் கையில் இருக்கும், குளத்தைவிடப் பெரிய தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் இந்த முறை அதைத் தண்ணீரில் எறிவதாக எனக்கு உத்தேசமில்லை.

உன் கெசியா